குமாஸ்தா வீட்டில் இருபது நாள்

பிப்ரவரி 8, 1944, செவ்வாய்

காலையில் பனி. ராஜகிரி மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. பள்ளிக்கூடம் இன்று முதல் மூடல். கதவில் அறிவிப்பை நானே ஒட்டினேன். பசை இல்லை, கஞ்சி.

பெரியம்மை ஊருக்குள் வந்து பத்து நாளிருக்கும். முதலில் குளத்தங்கரைப் பக்கம். அப்புறம் கடைத்தெரு. இப்போது மேலத் தெருவிலும். சேரிப் பிள்ளைகள் ஒரு வாரமாகவே வரவில்லை. மூன்று நாள் வெறும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டு எழுந்தேன்.

மத்தியானம் சானிட்டரி இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு அனுப்பினார். (இனி இன்ஸ்.) யார் வீட்டில் அம்மை, யார் இன்னும் ஊசி குத்திக்கொள்ளவில்லை என்று வீடு வீடாக எழுதி வர ஆள் வேண்டும். இருந்த இரண்டு பேரும் லீவு போட்டு ஓடிவிட்டார்கள்.

"லேபர் ஸ்கூல் வாத்தியார் மாணிக்கம்தானே நீ? உனக்குத்தான் மூஞ்சியிலயே சர்ட்டிபிகேட் இருக்குதே. மறுபடி வராது" என்றார். சிரித்தார்.

ஆறு வயதில் வந்த தழும்பு. முப்பத்தைந்து வயதுவரை அதனால் எனக்கு ஒரு நன்மையும் நடந்ததில்லை.

"மேலத் தெருவுக்கும் போவணுங்களா?"

"எல்லாத் தெருவும்தான். சர்க்கார் உத்தரவு."

செஞ்சிக்கு வந்து மூன்று வருஷம். மேலத் தெருவில் ஒரு நாளும் நடந்ததில்லை. சேரிக்காரன் நடக்கிற தெரு இல்லை அது.

ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் வேலையை நிரந்தரம் செய்யச் சொல்லி மேலே எழுதுவாராம்.

நோட்டு ஒன்று, பென்சில் இரண்டு கொடுத்தார். மண்ணெண்ணெய் இன்றும் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 9, புதன்

மேலத் தெரு. வேப்பிலை கட்டிய வாசல் மூன்று. பூட்டிக் கிடப்பது ஐந்து. கதவு திறந்திருந்தும் பதில் வராதது ஒன்று, கோடி வீட்டுக்கு முந்தினது.

நடுத்தெருவில் நின்று கத்த வேண்டியிருக்கிறது. "கணக்கு எடுக்க வந்திருக்கேங்க." ஒரு வீட்டில், "இங்க ஒண்ணும் இல்ல, போ." அதே வீட்டில் உள்ளே ஒரு குழந்தை அழுகை, நிற்கவே இல்லை. "இல்லை" என்று எழுதிக்கொண்டேன், பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளி என்றால் சந்தேகம்.

பாக்கியம் இரண்டு வருஷமாக எனக்குச் சோறு ஆக்கிப் போடுகிறவள். சேரியில் வேதக்காரக் குடும்பம். கழுத்தில் ஜெபமாலை. இன்று வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"வாத்தியாரே, கோவிச்சுக்காத. நீ அந்த வூட்டுக்கெல்லாம் போய்ட்டு வர. எனக்கு மூணு புள்ளைங்க. சட்டிய வேலிக்கு வெளிய வச்சிடறேன், நீயே வந்து எடுத்துக்கோ."

சரி என்றேன். சாயங்காலம் போய் எடுத்து வந்தேன். கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. பள்ளிக்கூடத்திலேயே என் படுக்கையும் இருப்பதால் பிள்ளைகளின் பலகை மேல் வைத்துச் சாப்பிட்டேன். பேச்சில்லாமல் சாப்பிட்டால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

பிப்ரவரி 11, வெள்ளி

வெயில். காற்றே இல்லை.

மேலத் தெருவில் அந்தப் பதில் வராத வீடு. மூன்றாம் நாளாகக் கூப்பிட்டேன். உள்ளே ஏதோ சத்தம். பூனை என்று நினைத்தேன். அப்புறம் தெளிவாக, "தண்ணி."

எதிர்வீட்டு அம்மாளைக் கூப்பிட்டேன். ஜன்னல் பாதி திறந்தது.

"இந்த வூட்ல யாரோ கெடக்கறாங்கம்மா."

"குமாஸ்தாதான். ரிஜிஸ்தர் ஆபீஸ்ல இருந்தவரு. ஆத்தா வந்துட்டா. புள்ளையும் மருமகளும் கொழந்தைங்கள தூக்கிக்கினு திண்டிவனம் போய்ட்டாங்க."

"பாத்துக்க ஆளு?"

"ஒரு வேலக்காரி வந்துக்கினு இருந்தா. நாலு நாளா காணும்."

"நீங்க ஒரு சொம்பு தண்ணி குடுத்தீங்கன்னா..."

ஜன்னல் மூடிக்கொண்டது.

எவ்வளவு நேரம் நின்றேனோ. இந்த மாதிரிப் படியில் கால் வைத்து அடி வாங்கினவர்களை எனக்குத் தெரியும். மறுபடி, "தண்ணி." உள்ளே போனேன்.

கூடத்தில் வாழையிலை போட்டுப் படுக்கை. இலை காய்ந்து சருகாகி உடம்போடு ஒட்டியிருந்தது. அறுபது வயதிருக்கும். தலையிலிருந்து கால் வரை கொப்புளம், இடம் பாக்கி இல்லை. கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. நாற்றம்.

"யாரு?"

"மாணிக்கம்ங்க. அம்மை கணக்கு எடுக்கறவன்."

"எந்த மாணிக்கம்?"

"லேபர் ஸ்கூல் வாத்தியார்."

மூச்சு மட்டும். லேபர் ஸ்கூல் வாத்தியார் என்றால் சேரிக்காரன் என்று ஊருக்கே தெரியும். கண் திறக்க முடியாதவரிடம் வேறு எந்தப் பெயரையும் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை.

கடைசியில், "மேலேருந்து ஊத்து. சொம்பு வாயில படக்கூடாது" என்றார்.

மேலிருந்து ஊற்றினேன். பாதி கழுத்தில் வழிந்தது. குடம் காலி. பின்கட்டில் கிணறு, ராட்டினம். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இப்படி ஒரு கிணற்றில் நான் இறைத்தது கிடையாது. இரண்டு குடம் நிரப்பி வைத்தேன்.

இன்ஸ்.இடம் சொன்னேன். கோட்டைக்குக் கீழே அம்மைக்காரர்களுக்குப் போட்டிருக்கும் கொட்டகையில் இடம் இல்லை, தூக்கிப் போகவும் ஆள் இல்லை என்றார். "ரெண்டு வேளை நீயே எட்டிப் பாரு. வெளிய சொல்லிக்காத."

பிப்ரவரி 12, சனி

நொய்க் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனேன்.

"யார் ஆக்கினது?"

"நான்தாங்க."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வைத்துவிட்டு மற்றத் தெருக்களுக்குப் போனேன். திரும்பி வந்தபோதும் அப்படியே இருந்தது. ஆடை கட்டி ஈ மொய்த்திருந்தது. வேறு காய்ச்சிக் கொண்டுவந்தேன். "பசிக்குது" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. ஊட்டினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

புது வாழையிலை, வேப்பிலைக் கொத்து. சந்தையில் இளநீர் இல்லை.

நாளை ஞாயிறு. என் ஊர் தளவானூருக்குப் போய் மனைவி செல்லம்மாவையும் அம்மாவையும் பார்த்துவிட்டு வரவேண்டும். ஒரு மாதம் ஆகிவிட்டது.

பிப்ரவரி 13, ஞாயிறு

விடியலில் குமாஸ்தா ஐயாவுக்குக் (இனி கு. ஐயா) கஞ்சியும் தண்ணீரும் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டுக் கிளம்பினேன். பஸ் நாலு நாளாக இல்லை. பெட்ரோலுக்குப் பதில் எரிக்கிற கரி கிடைக்காததால் நின்றுவிட்டதாம். தளவானூர் வரைக்கும் நடை.

ஏரிக்கரையில் வழியை அடைத்து முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். செல்லம்மாவின் அண்ணன் ஏழுமலை, கையில் கழி. கூட இரண்டு பேர்.

"மச்சான், அங்கயே நில்லு."

"இன்னா மச்சான் இது?"

"சேரி கூடி பேசிட்டாங்க. செஞ்சியிலேருந்து யாரும் உள்ள வரக்கூடாது. நீ அம்மை வூட்டுக்கெல்லாம் போறியாமே."

"எனக்குத்தான் வந்து போச்சே. மறுபடி வராது."

"உனக்கு வராது. உன் துணியில ஒட்டிக்கினு வரும்."

இன்ஸ். சொல்வதைத்தான் அவனும் சொன்னான்.

செல்லம்மா வந்தாள். முள்ளுக்கு அந்தப் பக்கம், இருபது முப்பது அடி தள்ளி நின்றாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் அவளும் அம்மாவும்தான்.

"மாமா, அந்த வேலைய வுட்டுட்டு வா. பதினஞ்சு நாளு கழனி கொட்டாயில இருந்துட்டு அப்பறம் வூட்டுக்கு வரலாம்னு அண்ணன் சொல்லுது."

"வேல நெரந்தரம் ஆவும்னு சொல்றாங்க செல்லம்மா."

குமாஸ்தாவைப் பற்றிச் சொல்லவில்லை.

அம்மா கரைமேல் ஏறி வந்தாள். கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தாள். "சாப்டியா?" என்று கத்தினாள். சாப்பிட்டேன் என்று கத்தினேன். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் நின்றோம். வெயில் ஏறியது. திரும்பினேன்.

வலது குதிகாலில் முள். இன்னும் எடுக்கவில்லை.

பிப்ரவரி 15, செவ்வாய்

மேலிருந்து ஊற்றுவது நின்றுபோயிற்று. தொண்டைக்குள்ளும் கொப்புளம், கு. ஐயாவால் விழுங்க முடியவில்லை. தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கரண்டியால் விட்டேன். நடுவில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. நானும் இழுக்கவில்லை.

மகனுக்குக் கார்டு எழுதச் சொன்னார். அவர் சொன்னது: "நான் சௌக்கியம். குழந்தைகளைப் பார்த்துக்கொள். அவசரப்பட்டு வரவேண்டாம்."

"உண்மைய எழுதட்டுங்களா?"

"வேணாம். வந்துடுவான்."

சொன்னபடியே எழுதி, கார்டை மடியில் செருகிக்கொண்டேன். ரொம்ப நேரம் கழித்து, "எழுதினாலும் வரமாட்டான்" என்றார்.

மூடிய கண்ணிலிருந்து வந்தது தண்ணீரா சீழா தெரியவில்லை. துடைத்துவிட்டேன்.

பிப்ரவரி 17, வியாழன்

கடைத்தெருவில் புதிதாக இரண்டு வாசலில் வேப்பிலை. அரிசிக் கடையில் ரேஷன் வரிசை, ஆளுக்கு ஆள் இரண்டு முழம் விட்டு நிற்கிறார்கள். என்னைக் கண்டதும் நாலு முழம்.

கு. ஐயா இன்று நிறையப் பேசினார். குரல் மட்டும் பிழைத்துக்கொண்டது போல. முப்பது வருஷம் ரிஜிஸ்தர் ஆபீஸ்.

"உங்க ஆளுங்க எப்பவாவது கெரயம் பண்ண வருவாங்க. பத்திரத்த படியில வச்சிட்டு நாங்க தள்ளிக்குவோம். அவன் ரேகை வச்சிட்டு தள்ளிக்குவான். அப்பறம் நாங்க எடுப்போம்."

"தெரியுங்க. எங்க நைனாவும் அப்டி ரேகை வச்சிருக்காரு."

"எந்த ஊரு?"

"தளவானூரு. ஏரிக்குக் கீழ அரை காணி. எனக்கு எட்டு வயசு. கூட வந்திருந்தேன்."

கணக்குப் போட்டிருப்பார். "அப்ப நான்தான் இருந்தேன்" என்றார்.

முதுகைத் துடைத்துவிட்டு இலையை மாற்றினேன். போகும்போது, "நாளைக்கு வருவியா?" என்று கேட்டார். இதுவரை கேட்டதில்லை.

பிப்ரவரி 18, வெள்ளி

பாக்கியம் இனிமேல் சட்டி வைக்க முடியாது என்றாள், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து. "சேரியில எல்லாம் பேசறாங்க வாத்தியாரே. நீ எங்கியோ உள்ளயே போய் உக்காந்துக்கினு வரியாமே." அழுதாள். நான் தேற்ற வேண்டியதாயிற்று, வேலிக்கு இந்தப் பக்கமிருந்து.

இனி நானே சமையல். அரிசி இரண்டு படி. பருப்பு கொஞ்சம். மிளகாய் இல்லை.

பிப்ரவரி 20, ஞாயிறு

கு. ஐயாவுக்குக் கண் திறந்தது. வலது கண். இடது கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது, அது இனி உதவாது.

என்னை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவ்ளோ ஒல்லி ஆளா நீ? கொரலு பெருசா இருந்துதே" என்றார். அப்புறம், "உனக்கும் வந்திருக்குதா?" என்று தம் முகத்தைக் காட்டிக் கேட்டார்.

"சின்ன வயசுல."

"யாரு பாத்துக்கினாங்க?"

"எங்கம்மா."

தலையை ஆட்டிக்கொண்டார். இன்று முதல் "வாத்தியார்" என்று கூப்பிடுகிறார்.

பிப்ரவரி 23, புதன்

மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசைக்கு ஜனம் போய்க்கொண்டே இருக்கிறது. மஞ்சள் துணி, தலையில் மூட்டை, வண்டி வண்டியாக. நோயை நிறுத்தச் சொல்லி வேண்டிக்கொள்ளத்தான் போகிறார்கள். இன்ஸ். ரோட்டில் நின்று தொண்டை கட்டும் வரை கத்திப் பார்த்தார்.

கு. ஐயாவுக்குப் பழைய பத்திரிகை வாசித்தேன். யுத்தச் செய்தி வேண்டாம் என்றார். விளம்பரம் வாசித்தேன். கூந்தல் தைலம், ஒரே மாதத்தில் கருகருவென்று வளரும். அவர் தலையில் பொருக்கோடு முடியும் கொத்துக் கொத்தாக வந்துகொண்டிருக்கிறது.

"வாத்தியார், ரெண்டு பாட்டிலுக்கு எழுதிப் போடு."

சிரித்துவிட்டேன். அவரும். "சிரிக்க வைக்காதடா, பொருக்கு வெடிக்குது" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தேன் என்று நினைவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

பிப்ரவரி 25, வெள்ளி

கு. ஐயா சொன்னது: "இந்த வூட்ல நாங்க அஞ்சு பேரு. அவ போனப்பறம் எங்கிட்ட பேசறது ஒரே ஒரு வார்த்தை. சாப்பாடு வச்சாச்சு. ரெண்டு வேள. ஆறு வருஷமா."

அவ என்றது மனைவியை.

"நீங்க பேசறதுதானே?"

"நான் பேசினா எழுந்து போவான்."

நகம் வெட்டிவிட்டேன், சொறிந்து புண்ணாக்கிக்கொள்கிறார்.

பிப்ரவரி 27, ஞாயிறு

தளவானூர் போவதாக இருந்தேன். குளித்து, வேட்டியை வேப்பிலைத் தண்ணீரில் அலசி உலர்த்திக் கட்டிக்கொண்டு, சொல்லிவிட்டுப் போகலாமென்று கு. ஐயா வீட்டுக்குப் போனேன். அவருக்குத் தொடையில் கட்டி, உடம்பு சுட்டது. "நாளைக்குப் போயேன்" என்றார். போகவில்லை.

இங்கேயாவது உண்மையை எழுதலாம். அது பெரிய காய்ச்சல் இல்லை. ஒரு பகல் தனியாக இருந்திருப்பார். நான்தான் போகவில்லை. என் காலடி கேட்டதும் உள்ளேயிருந்து "வாத்தியாரா?" என்று ஒரு குரல் வருகிறது. ஊருக்குப் போனால் முள்ளுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். அது பிடிக்கவில்லை.

மார்ச் 1, புதன்

பொருக்கு எல்லாம் உதிர்ந்துவிட்டது. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். பின்கட்டில் உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றினேன். குழந்தை மாதிரி உடம்பு, எலும்பு எலும்பாக. சிவப்புத் தழும்பு.

"ஒரு காபி போடேன் வாத்தியார்" என்றார். டப்பாவில் கொஞ்சம் தூள் இருந்தது. சர்க்கரை இல்லை, வெல்லம். அவருக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு நின்றேன்.

"உனக்கு?"

"எதுல குடிக்கறதுங்க?"

"இருக்கறதுல ஒண்ண எடு."

அலமாரியில் நாலு டம்ளர் இருந்தன. ஒன்றை எடுத்தேன். அவர் நாற்காலியில், நான் கீழே. காபி கசப்பு. இரண்டு பேரும் முழுசாகக் குடித்தோம்.

மார்ச் 2, வியாழன்

காலையில் போனால் வாசலில் வண்டி. சாமான் இறங்கிக்கொண்டிருந்தது. நாற்பது வயதில் ஒரு ஆள், முகச்சாயலில் மகன் என்று தெரிந்தது.

"யாரு நீ?"

"கணக்கு எடுக்கறவன்ங்க."

"இந்த வூட்ல ஆத்தா எறங்கியாச்சு. போலாம்."

உள்ளே கு. ஐயா குரல் கேட்டது, யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது அந்தக் குரல். திரும்பி வந்துவிட்டேன்.

கஞ்சியை நானே குடித்தேன்.

மார்ச் 4, சனி

எழுத வேண்டாம் என்று இருந்தேன்.

மேலத் தெருவுக்குக் கணக்குக்குப் போனேன். குமாஸ்தா வீட்டுப் பின்கட்டிலிருந்து தண்ணீர் சந்து வழியாகத் தெருவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கூலி ஆட்கள் கிணற்றை இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எனக்குத் தெரிந்தவன். "நேத்துலேருந்து எறைக்கறோம். தரை தெரியற வரைக்கும் எறைக்கச் சொல்றாங்க. எவனோ கைய வச்சிட்டானாம்" என்றான். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தான்.

எதிர்வீட்டு ஜன்னல் அகலத் திறந்திருந்தது.

குமாஸ்தா வாசல் நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி. தேறியிருக்கிறார். தெருவில் நின்று, "ஒடம்பு எப்டி இருக்குதுங்க?" என்றேன்.

மகன் வெளியே வந்து படியில் நின்றான்.

குமாஸ்தா என்னைப் பார்த்தார். நல்ல கண்ணால் நன்றாகவே பார்த்தார்.

"யார்றா அது?" என்றார். "தள்ளி நின்னு பேசு."

நோட்டைத் திறந்தேன். "இந்த வூட்ல வேற யாருக்காவது காய்ச்சல் இருக்குதுங்களா?"

"இல்ல" என்றான் மகன்.

இல்லை என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்த வீடு. அடுத்த வீடு. தெரு முடியும் வரைக்கும் போனேன். செட்டிக்குளத்துப் படியில் உட்கார்ந்தேன். எதிரே கோட்டை. யாரும் வரவில்லை. வந்திருந்தால் என்ன பேசியிருப்பேனோ.

மார்ச் 5, ஞாயிறு

இன்ஸ்.இடம் நோட்டைக் கொடுத்துவிட்டேன். இனி முடியாது, ஊருக்குப் போகிறேன் என்றேன். "பாதியில போனா நான் மேல ஒண்ணும் எழுத முடியாது" என்றார். சரிங்க என்றேன்.

தளவானூர் ஏரிக்கரையில் முள் ஓரமாக இழுத்துப் போட்டிருந்தது. ஏழுமலை கரையில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டு எழுந்தான். கையில் கழி இல்லை. தடுக்கவும் இல்லை. அப்போதே தெரிந்திருக்க வேண்டும் எனக்கு.

வீட்டு வாசல் சாணம் மெழுகி ஈரம். செல்லம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதியாகிவிட்டாள்.

"அம்மா எங்க?"

செல்லம்மா கதவை விட்டு விலகி நின்றாள்.

"போன வாரத்துக்கு மின்ன வாரம், மாமா. மலையனூருக்கு ஜனம் போன புதங்கெழம."

நீ வந்து நின்னுட்டுப் போன மறுநாளே காய்ச்சல் என்றாள். முள் போடுவதற்கு முன்னாலேயே ஊருக்குள் வந்துவிட்டிருக்கிறது. தெருவில் இன்னும் இரண்டு பேர். அதில் ஒன்று குழந்தை.

"எனக்கு ஏன் சொல்லி அனுப்பல?"

ஏழுமலை தரையைப் பார்த்துச் சொன்னான்: "சொன்னா நீ வந்துருவ. வந்தா நாங்க தடுக்கணும். பெத்தவள பாக்க வர்றவன எப்டி மச்சான் தடுக்கறது?"

அந்தப் புதன்கிழமை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

மார்ச் 6, திங்கள்

அம்மாவைப் புதைத்த இடத்தைக் காட்டினார்கள். ஓடை ஓரம். மண் இன்னும் அமுங்கவில்லை. கிட்டத்தில் ஆவாரம் பூத்திருக்கிறது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

மத்தியானம் செல்லம்மா கேட்டாள். "நீ அங்க இன்னாதான் செஞ்சிக்கினு இருந்த?"

சொன்னேன். கிணறு, கஞ்சி, கண் திறந்தது, பத்திரிகை, காபி. யார்றா அது என்றது வரைக்கும். ஒன்றும் மறைக்கவில்லை. முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு, கல் பொறுக்காமல் கேட்டாள்.

"ஒம்போது நாளு" என்றாள். "நான் ஒண்டியாத்தான் பாத்தேன். ஒரு ஆளு எட்டிப் பாக்கல. எங்கண்ணன் தண்ணிக் கொடத்த சந்து முனையில வச்சிட்டு ஓடிடும். அத்தைய திருப்பிப் படுக்க வைக்க முடியல என்னால. கனம். நீ இருந்தா ஒரு கை புடிச்சிருப்ப."

முறத்தை ஒரு தரம் குலுக்கினாள்.

"யாரோ ஒரு ஆளுக்கு மடியில போட்டுக்கினு தண்ணி ஊத்தியிருக்க. பெத்தவளுக்கு நான் ஊத்தினேன்."

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அரிசியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். நான் உட்கார்ந்து கல் பொறுக்கினேன்.

மார்ச் 7, செவ்வாய்

சாயங்காலம் லேசாகத் தூறல்.

துக்கம் கேட்க நாலு பேர் வந்தார்கள். வாசலோடு உட்கார்ந்தார்கள். மழை, கடலை, ரேஷன் அரிசியில் புழு. என்னைப் பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

செல்லம்மா என் தட்டில் சோறு போட்டாள். இன்னும் வேணுமா என்று கேட்டாள். நேற்று மத்தியானத்துக்கு அப்புறம் அவள் பேசியது அதுதான்.

மார்ச் 8, புதன்

இன்ஸ்.இடமிருந்து காலையிலேயே சீட்டோடு ஆள். தொண்டூரில் அம்மை கண்டிருக்கிறதாம். வேறு ஆள் கிடைக்கவில்லை, நாளைக்குள் அங்கே வந்து சேரவேண்டுமாம். நிரந்தரம் பற்றி ஒரு வரி இல்லை.

வர இயலாது என்று எழுதினேன். காரணம், தாயார் மரணம். கையெழுத்துப் போட்டேன். வந்தவனை ஏரிக்கரையில் இருக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை.

செல்லம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. காகிதத்தைப் பார்த்தாள்.

"அங்கயும் அந்தாளு மாதிரி ஒண்டியா கெடக்கறவங்க இருப்பாங்களா?"

"இருப்பாங்க."

"பொம்பளைங்க?"

"இருப்பாங்க."

உள்ளே போனாள். துணி கிழிகிற சத்தம். அவளுடைய பழைய நூல் புடவை. நாலாகக் கிழித்து, அதைத் திரும்ப நாலாகக் கிழித்து, மடித்துக் கட்டிக் கொண்டுவந்தாள்.

"புதுத் துணியில தொடைக்காத. ஒட்டிக்கினு தோலோட வந்துடும். அத்தைக்கு மொத நாளு எனக்குத் தெரியாம அப்டித்தான் செஞ்சிட்டேன்."

போ என்று சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. மூட்டையை என் பக்கமாகத் தள்ளிவிட்டு அடுப்பு மூட்டப் போனாள்.

ஆள் கரையில் காத்துக்கொண்டிருக்கிறான். இருமுகிறான்.